தகடூர் அரண்மனைக்கு டிக்கெட் கிடையாது

டோக்கியோவில் வேலை பார்க்கும் அக்கா மகன் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பியிருந்தான். அகழி, கருங்கல் மதில், சீப்பு போட்டு வாரிவிட்ட மாதிரி பைன் மரங்கள். "மாமா, இது ஜப்பான் ராஜா அரண்மனைத் தோட்டம். நம்ம ஊர்ல இப்படி ஒண்ணு இருக்கா?"

இல்லாமல் என்ன? தருமபுரியிலிருந்து சேலம் ரோட்டில் ஏழெட்டு கிலோமீட்டர் போனால் அதியமான்கோட்டை. டவுன் பஸ்ஸில் போய் இறங்கி டீக்கடையில் விசாரித்தேன்.

"கோட்டை எந்தப் பக்கங்க?"

"காலபைரவர் கோயிலுங்களா?"

"இல்லைங்க, கோட்டை."

"அது ஊர்ப் பேருங்க" என்று சொல்லிவிட்டு அவர் டீ ஆற்றப் போய்விட்டார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. தேய்பிறை அஷ்டமிக்குச் சாம்பல் பூசணியைப் பிளந்து விளக்கேற்ற வரும் கூட்டத்துக்கு வழிகாட்டியே பழகிய மனிதர். ராஜாவைத் தேடி வந்தவன் நான் ஒருத்தன்தான். சங்ககால ராஜா அதியமானும் அவரைப் பாடிய புலவர் ஔவையும் நினைவுக் கோட்டத்தில் சிலையாக நிற்கிறார்கள். அரண்மனை மட்டும் இல்லை. சேர ராஜா பெருஞ்சேரல் இரும்பொறை படையெடுத்து வந்து, தகடூர் என்று அன்று பேரிருந்த தருமபுரியை முடித்துவிட்டுப் போனான். அந்தச் சண்டையைப் பாடிய 'தகடூர் யாத்திரை'யும் சில பாட்டு போக மீதி தொலைந்துவிட்டது. வீடு இடிந்த கதையை எழுதி வைத்தோம், அந்த நோட்டையும் காணோம்.

இதற்காக டோக்கியோக்காரனிடம் தலைகுனிய வேண்டியதில்லை. அங்கே மட்டும் என்ன வாழ்கிறது? அந்த அரண்மனை முதலில் ராஜா வீடே இல்லை, ராணுவ ஆட்சியாளர் ஷோகுனின் எடோ கோட்டை. 1868-க்குப் பிறகுதான் கியோட்டோவிலிருந்த சக்கரவர்த்தி அங்கே குடிவந்தார். கோட்டையின் பெரிய கோபுரம் 1657 தீயில் எரிந்தது, திரும்பக் கட்டவே இல்லை. ஜனங்கள் ஏறி நின்று போட்டோ எடுப்பது அதன் கல் மேடையில். கியோட்டோ அரண்மனையும் பலமுறை எரிந்து, இப்போது நிற்பது 1855-இல் கட்டியது. எங்கள் ஆள் அவர்களைவிட ஒரு படி மேல், மேடையைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

அரண்மனை சுற்றிப் பார்ப்பதில் அந்தக் காலத்திலேயே கைதேர்ந்தவர் ஔவைதான். 1953 படத்தில் கே.பி. சுந்தராம்பாள் கோலூன்றி வந்ததால் நமக்கு அவர் பாட்டி. புறநானூற்று ஔவையோ பாடிப் பரிசில் வாங்கிப் பிழைத்த பாண்குலத்துப் பெண் என்றுதான் தெரிகிறது, வாய் கொஞ்சம் நீளம். அதியமானுக்காக எதிரி ராஜா தொண்டைமானிடம் தூது போனார். தொண்டைமான் மரியாதைக்கு ஒரு காபிகூடக் கொடுத்திருக்க மாட்டான். நேரே ஆயுதச்சாலைக்குக் கூட்டிப்போனான். மயில்பீலி சூட்டி, மாலை போட்டு, நெய் பூசிப் பளபளவென்று வேல்கள். ஔவை பார்த்தார். ஆகா, உங்களுடையது எல்லாம் புதுசு மாதிரியே இருக்கிறதே என்றார். எங்கள் ஆளுடையது குத்திக் குத்தி முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது. மியூசியத்துக்கு இதைவிட மோசமான விமர்சனம் இன்றுவரை யாரும் எழுதவில்லை.

சொந்த ஊர் அரண்மனைக்கும் சலுகை கிடையாது. பரிசு கொடுக்க அதியமான் தாமதித்தபோது வாயில்காவலனைப் பிடித்துக்கொண்டார். உன் ராஜாவுக்குத் தன்னையும் தெரியாதா, என்னையும் தெரியாதா? யாழை எடுத்தேன், பையைக் கட்டினேன், எந்தத் திசைக்குப் போனாலும் எனக்குச் சோறு உண்டு! சம்பளம் தள்ளிப்போனால் மேனேஜரை விட்டுவிட்டு வாட்ச்மேனிடம் கத்துகிற வழக்கம் இங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும்.

சரி, தோட்டம்? கரும்பை இந்த உலகத்துக்குக் கொண்டுவந்ததே அதியமானின் முன்னோர் என்று பாட்டு சொல்கிறது. மற்றபடி பேர்போன மரம் ஒன்றே ஒன்று: மலைப்பிளவில், ஏற முடியாத உயரத்தில் ஒரு நெல்லி. அதன் கனியைத் தின்றால் சாவு தள்ளிப்போகும். அதை ராஜா ரகசியமாக வைத்திருந்து ஔவைக்குக் கொடுத்துவிட்டார். எந்த அமைச்சரைக் கேட்டுச் செய்தார் என்று தெரியவில்லை.

இவ்வளவு பேசினாலும், அதியமான் கைபட்டதென்று கல்லில் சாட்சி உள்ள இடம் தருமபுரியிலேயே இல்லை. திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பை குன்றில் 1981-இல் ஒரு தமிழ்பிராமிக் கல்வெட்டு கிடைத்தது. அசோகர் தன் கல்வெட்டில் சோழ பாண்டியரோடு சேர்த்துச் சொன்ன 'சதியபுதோ' யார் என்று அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அது அதியமான் வம்சம்தான் என்று அந்தக் கல் முடித்துவைத்தது. அதில் நம் அதியமான் நெடுமான் அஞ்சி தன் அரண்மனையைப் பற்றி ஒரு எழுத்தும் எழுதவில்லை. துறவிகளுக்குக் கொடுத்த பாறைக் குகைக்கு ரசீது மாதிரி அது. ராஜா சொத்தில் மிஞ்சியது இன்னொருத்தருக்கு எழுதிக்கொடுத்த ஒரு குகை!

இதையெல்லாம் அக்கா மகனுக்குத் தட்டச்சு செய்துகொண்டே தருமபுரி பஸ் ஸ்டாண்டில் பத்து ரூபாய்க்கு நெல்லிக்காய் வாங்கினேன். உப்பும் மிளகாய்த்தூளும் தூவி, காகிதப் பொட்டலத்தில் ஆறு காய். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒரு பாட்டி, மடியில் மூட்டை. பொட்டலத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். ஊர் வந்து சேர்வதற்குள் ஆறையும் நானே தின்று முடித்தேன்.