சட்டைப் பையில் எறும்பு

வாரும் மாப்ளே. அந்தக் கட்டில்ல உக்காராதேயும், கயிறு நஞ்சுபோச்சு. ஒம்ம அக்கா ஆறு மாசமாச் சொல்லிக்கிட்டிருக்கா, நானும் ஆறு மாசமாக் கேட்டுக்கிட்டிருக்கேன். இந்தத் திண்ணையில உக்காரும்.

என்ன கேட்டீரு? 68 வயசுல இன்னொரு நாய் வளக்கலாமா, வேண்டாமா? நல்லாக் கேட்டீரு போங்க. எனக்கு 79 முடியப்போகுது. யோசனை கேட்டு இந்தத் திண்ணைக்கு வந்த ஆளுகளை நெறையப் பாத்துட்டேன். கிணறு வெட்டலாமான்னு கேக்க வாரவன், அதுக்கு முந்துன நாளே வெட்டுக்காரனுக்கு முன்பணம் குடுத்திருப்பான். தண்ணி வராமப் போனா "பெரியாளு சொல்லித்தான் வெட்டுனேன்"னு கைகாட்ட ஒரு ஆளு வேணும், அம்புட்டுத்தான். நீரு அந்த ரகமா, வேற ரகமான்னு போகப் போகத் தெரியும். ஒம்ம சட்டைப் பையில எறும்பு ஊருது. இருக்கட்டும், அதை அப்புறம் பேசுவோம்.

மொதல்ல புள்ளைக என்ன சொல்லுதுக? சார்ஜாக்காரன் கேமரா வாங்கி அனுப்புறேங்கிறானா? அடி சக்கை. அவன் அங்க கட்டில்ல படுத்துக்கிட்டே இங்க ஒம்ம வாசலைப் பாப்பானாம். பாக்கட்டும். திருடன் வந்தா கேமரா அவனை லட்சணமாப் படம் எடுக்கும். போறப்ப அந்தக் கேமராவையும் கழட்டிட்டுப் போவான். நாய் அப்படியா? திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூர்னு ஒரு ஊர்ல நடுகல்லு இருக்குன்னு பள்ளிக்கூடத்துல புள்ளைகளுக்குச் சொல்லிக்குடுத்தவரு நீருதான். மகேந்திரவர்ம பல்லவன் காலம், 7-ஆம் நூற்றாண்டு. எருமையைக் காக்கப் போயி செத்தவனுக்கு வச்ச கல்லு. அதுல அவன் பக்கத்துலயே நாயையும் செதுக்கி, ரெண்டு கள்ளனைக் கடிச்சிட்டுக் காவல் நின்னதுன்னு எழுதி, அது பேரு கோவிவன்னும் வெட்டி வச்சிருக்கான். ஆயிரத்தி நானூறு வருசமா அந்தப் பேரு நிக்குது. நம்ம ஊர்ல ரெண்டு தடவை பிரசிடெண்டா இருந்தவரு பேரை நீரு இப்பச் சொல்லும் பாப்போம்.

கோயமுத்தூர்க்காரி என்ன சொன்னா? "அப்பா, நாய் இழுத்து விழுந்துருவீங்க"ன்னா? அவ ஞாயஸ்தி, தாயைப் போல. அதைச் சிரிச்சுத் தள்ளாதேயும். கருக்கல்ல கயித்தைக் கையில ரெண்டு சுத்துச் சுத்திக்கிட்டுப் போவீரு. எதுத்தாப்புல ஒரு பூனை குறுக்க பாயும். நாய் பூனை பக்கம், நீரு நாய் பக்கம், இடுப்பெலும்பு ஆஸ்பத்திரி பக்கம். நாயைப் புடிச்சாலும் கயித்தைக் கையில சுத்தப்படாது மாப்ளே. சும்மா புடிக்கணும். இழுத்தா விட்டுறணும். ஓடுன நாய் பசிச்சாத் திரும்பி வரும். ஒடைஞ்ச எலும்பு அப்படி வராது.

இப்பக் கணக்குக்கு வாரும். சரித்திர வாத்தியாரு, கணக்குல கொஞ்சம் அப்படி இப்படின்னாலும் கூட்டல் தெரியும்ல? குட்டிக்கு ஆயுசு பன்னெண்டு பதிமூணு வருசம். ஒம்ம கருப்பன் பதிமூணு இருந்தான். இன்னிக்கு ஒரு குட்டி தூக்குனீருன்னா, அது போற அன்னிக்கு ஒமக்கு 81. குழி வெட்ட நீரு இருப்பீரா, இல்ல ஒமக்கு வெட்டுன குழியை அது மோந்து பாத்துக்கிட்டு நிக்குமா? பல்லைக் கடிக்காதேயும். நெசத்தைத்தான சொல்றேன். எனக்கும் அதே கணக்குத்தான், இன்னும் மோசமான கணக்கு.

அதனால சாதிநாய்ப் பேச்சே எடுக்கப்படாது. சிப்பிப்பாறை நமக்கு எட்டுற தூரந்தான், அதுக்காக அந்த நாயும் நமக்கு எட்டுமா? ஒட்டுன வயிறும் நீட்டுக் காலுமா, முயலை வெரட்டப் பொறந்த சென்மம் அது. சட்டம் வந்து முயல் அடிக்கப்படாதுன்னு ஆகிப்போச்சு. சட்டத்தை நாய்க்கு யாரு படிச்சுக் காட்டுறது? காட்டுக்குள்ள அவுத்து விட்டீருன்னா அது அங்கிட்டு ஒரு ஊரு தாண்டியிருக்கும், நீரு இங்கிட்டு மடை வரப்புல மூச்சு வாங்கிக்கிட்டு இருப்பீரு. கன்னி இன்னும் சேட்டை. அந்தக் காலத்துல பொண்ணுக்குச் சீதனமாக் கன்னிநாய் குடுத்து அனுப்புவாகன்னு சொல்லுவாக. ஒம்ம மாமனாரு ஒரு சைக்கிளோட நிறுத்திக்கிட்டாரு, அதுவும் பிரேக் இல்லாதது. ராஜபாளையமா? வெள்ளைவெளேர்னு, மூக்கு ரோசாப் பூவாட்டம், அழகுதான். 2005-ல தபால்தலையில கூடப் போட்டான். ஆனா அந்த வெள்ளையில சிலது பொறக்கும்போதே செவுடு. ஒமக்கு எடதுகாது கேக்காது. ராத்திரி திருடன் வந்தா, நாய்க்குக் கேக்கலைன்னு நீரு சொல்ல, ஒமக்குக் கேக்கலைன்னு நாய் சொல்ல, நல்ல குடித்தனம். கோம்பை வேண்டவே வேண்டாம். அது தேனிப் பக்கத்துக் கோவக்காரன், ஒம்ம வீட்டுக்கு வார தபால்காரரை நெனச்சா எனக்குப் பாவமா இருக்கு.

சாதிநாயை விடும், நாட்டுக்குட்டியே ஆனாலும் குட்டி குட்டிதான். பால்பல்லு 28, அது விழுந்து மொளைக்கிறது 42. ஒமக்கு மிச்சம் எத்தனை, பதினாலா? அந்த 42-உம் மொளைக்கிறப்ப ஊறும். ஊறல் எடுத்தா ஒம்ம செருப்பு, மூக்குக்கண்ணாடிக் கூடு, பென்சன் புஸ்தகம் எல்லாம் அதுக்குக் கரும்புதான். ஒண்ணரை மாசத்துல இருந்து ஊசி. தவறுச்சுன்னா பார்வோங்கிற நோவு வந்து ரத்தமா வயித்தால போயி, ரெண்டு மூணு நாளுல கையில கெடந்து சாகும். நான் பாத்திருக்கேன். அதைப் பத்தி வேடிக்கை பேச எனக்கு வராது.

வெறிநாய் ஊசி மூணாம் மாசம், பெறகு வருசா வருசம். அரசாங்கக் கால்நடை மருந்தகத்துல போட்டுக்கிடும். நம்ம நாய்தானேன்னு பல்லு பட்டதை, நகம் பட்டதை விட்றப்படாது. சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில கால்மணி நேரம் கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரி. நோவு வெளிய தெரிஞ்ச பெறகு வைத்தியமே கெடையாது. சுண்ணாம்பு வை, பச்சிலை கட்டுன்னு எவனாச்சும் சொன்னா, அது நானா இருந்தாலும், வாயில சுண்ணாம்பை வையும்.

தங்கச்சி என்ன சொல்றா? "வேண்டவே வேண்டாம், பெருக்கி மாளல"ங்கிறாளா? சொல்லுவா. கருப்பன் சோத்துச் சட்டியை இன்னும் ஏன் கழுவிக் கவுத்தி வச்சிருக்கான்னு கேட்டீரா? நான் ஒம்ம வீட்டுக்குப் பின்பக்கமா வந்தவன், பாத்தேன். ஒண்ணு மட்டும் அவகிட்டச் சொல்லி வையும்: பாயசத்து உலர்ந்த திராட்சையைப் பாசமா எடுத்துப் போட்டுறப்படாது. நாய்க்கு அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெங்காயமும் ஆகாது.

கருப்பனைப் பொதைச்ச அன்னிக்கு என்ன சொன்னீரு? "அத்தான், இதோட சரி. இனி இந்த வீட்டு வாசப்படியில நாய் ஏறாது." வேப்பமரத்து மேல சத்தியம். நானும் பக்கத்துல நின்னு ஆமா ஆமான்னேன். மனசுக்குள்ள எண்ணிக்கிட்டிருந்தேன்: அந்தச் சத்தியத்தை நான் அஞ்சு தடவை பண்ணியிருக்கேன். செம்பட்டைக்கு ஒண்ணு, வெள்ளைச்சிக்கு ஒண்ணு... கடைசியா பண்ணப்ப 70. அதுக்குப் பெறகுதான் மணி வந்தான். மழையில நனைஞ்சு வைக்கப்படப்புக்குள்ள கெடந்தான், ஒரு ராத்திரி இருக்கட்டும்னேன். அந்த ராத்திரி ஒம்பது வருசமா விடியல.

தருமரைப் பாரும். சொர்க்கத்துக்கு நடக்கையில பொண்டாட்டி விழுந்தா, தம்பிமாரு நாலு பேரும் ஒவ்வொருத்தரா விழுந்தாக. மனுசன் திரும்பிப் பாக்கல. வாசல்ல போயி நாய்க்கு எடம் இல்லைன்னதும் நின்னுட்டாரு பாரும், இது இல்லாம நான் வரலைன்னு வழக்கு. இதைத் தங்கச்சிகிட்டச் சொல்லாதேயும். நான் சொல்ல வந்தது வேற. அவருக்கும் அப்ப வயசு கம்மியில்ல. அந்த நாயை அவரு வெலை பேசி வாங்குனாரா? யாருகிட்டயாவது யோசனை கேட்டாரா? அது பாட்டுக்குப் பின்னால நடந்து வந்துச்சு.

ஆக, வளக்கிறதுன்னா வயசான நாயாப் பாத்து வளத்துக்கிடும். ஆறு, ஏழு வயசு. செருப்புக் கடிக்கிற வயசு தாண்டுனது. ஒம்ம மாதிரியே மத்தியானம் தூங்கும், ஒம்ம மாதிரியே எந்திரிக்கையில முனங்கும். தெருநாயில காதுநுனி வெட்டுன நாய் தெரியும்ல? கருத்தடை பண்ணி, ஊசி போட்டு விட்டதுக்கு அடையாளம். குட்டி போடுற தொல்லையும் இல்ல. மொதல்ல ஒரு தடவை டாக்டருகிட்டக் காட்டிரும். தீவாளிக்கு மட்டும் உள்ரூம்ல போட்டுக் கதவைச் சாத்தும். சிவகாசிக்குப் பக்கத்துல பொறந்து வளந்த நாயும் வெடிக்கு நடுங்குறதை எங்க போயிச் சொல்ல? அதுக எதுவும் ஊர்ப் பெருமையைப் பாக்கல.

ஒமக்குப் பெறகு யாருன்னு கேக்குறீரா? இப்பத்தான் வாத்தியாரு வாத்தியாரு மாதிரிக் கேக்குறீரு. அதுக்கும் ஒரு வழி வச்சிருக்கேன். நீரு முந்துனா ஒம்ம நாய் இந்தத் திண்ணைக்கு வந்துரும். நான் முந்துனா மணி ஒம்ம வீட்டுக்கு. ரெண்டு பேரும் சேந்து போனா, கோயமுத்தூர்க்காரி. அவ வேண்டாம்னுதான் சொல்லுவா. போன பொங்கலுக்கு வந்தவ, மணிக்கு முறுக்கு ஊட்டிக்கிட்டு இருந்ததை நான் பாத்தேன்.

என்ன மாப்ளே முறைக்கிறீரு? ஆமா, மணிக்கு ஒரு எடம் பாக்கத்தான் இம்புட்டு நேரமும் பேசுனேன். நானென்ன தருமத்துக்கா யோசனை சொல்றவன்? 79 வயசு ஆளுக்கு ஒம்பது வயசு நாய், கணக்கு எனக்கும் ராத்திரியில வருது. வேற மனுசன்கிட்டக் கேட்டாச் சரிம்பான்னு நம்பிக்கை இல்ல. நாய்க்காரன்தான் சரிம்பான். அதனால ஒம்மை நாய்க்காரனாவே வச்சிருக்கணும்.

சரி, அந்தச் சட்டைப்பை விசயத்துக்கு வருவோம். பிஸ்கட்டுத் தூளு. சீனி ஆகாத மனுசன் பையில பிஸ்கட்டு எதுக்கு? பஸ் ஸ்டாப் டீக்கடையில தெனம் ரெண்டு ரெண்டா வாங்குறீருன்னு கடைக்காரன் சொல்லி மூணு வாரம் ஆச்சு. இந்தா, இம்புட்டு நேரமா ஒம்ம செருப்பு மேல மோவாயை வச்சுக்கிட்டு ஒரு செவலை கெடக்கே, காதுநுனி வெட்டுனது, நம்ம வீட்டு நாய்னா நெனச்சீரு? மணி அந்தா, படப்புக்கிட்ட கெடக்கான். இது ஒம்ம பின்னால வந்தது.

மோர் குடிச்சிட்டுப் போம். சங்கிலி எல்லாம் நான் தர மாட்டேன். செருப்பை மெதுவா உருவிக்கிட்டு, திரும்பிப் பாக்காம நடந்து பாரும்.