உயரமா, முதுகா?

கேள்வி: எங்க கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணியில் ஷூட்டிங் பிரமாதமுங்க. ஆனா கூடையில் விழாமல் திரும்புகிற ரீபவுண்ட் பந்தெல்லாம் எதிரணிக்கே போகுது. உயரமான பெண்ணாகத் தேடுகிறார் மேலாளர். சரிதானுங்களா?
– ஒரு மாணவி, பீளமேடு, கோவை

பதில்: தேடட்டும், காசா பணமா! ஆனால் அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டிகளில் 1992 முதல் 1998 வரை தொடர்ந்து ஏழு பருவங்கள் ரீபவுண்டில் முதலிடம் பிடித்த டென்னிஸ் ராட்மன் 6 அடி 7 அங்குலம்தான். அந்தக் கூட்டத்தில் அது குள்ளம்! சகாக்கள் எறியும் பந்து சுழலும் விதத்தை வைத்தே எங்கே விழும் என்று கணக்குப் போட்டவர் அவர்.

எதிரணி எறிந்ததும் உங்கள் ஐவரும் பந்தை அண்ணாந்து பார்த்து நிற்பீர்களே, அங்கேதான் கோளாறு. முதலில் பக்கத்திலுள்ள எதிரணிக்காரியைத் தேடுங்கள். முதுகை அவள்மேல் அணைத்து, முழங்காலை மடக்கி, பின்னாலேயே நிறுத்துங்கள். அப்புறம் பந்து. காந்திபுரத்தில் டவுன் பஸ் ஏறுகிறவருக்கு இந்த வித்தை புதிதா என்ன? ஓரத்திலிருந்து எறிந்து தவறும் பந்து பெரும்பாலும் மறு ஓரத்துக்கே போகும். அங்கே ஒருத்தி நிற்கட்டும். விட்டால், மறுபடி எறிய எதிரணிக்கு இன்னொரு 14 விநாடி இனாம்.

அடுத்த சி.ஆர்.ஐ. பம்ப்ஸ் கோப்பைப் போட்டியில் பந்தை விட்டுவிட்டு வீராங்கனைகளின் கால்களைப் பாருங்கள். மேலாளரையும் கூட்டிப் போங்க.