எழுபது வளைவும் ஒரு ஹெரால்டும்

செட்டப் பண்ணணும்ங்கறே. ஞாயித்துக்கிழமை இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துல ஓடணும். திங்கக்கிழமை அதே வண்டியில கொல்லிமலை ஏறி, குண்டனி நாட்டுல எங்க வாசல்ல கொண்டாந்து நிறுத்தணும். இதுதானே உன் கணக்கு? வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு, ரெண்டு கதவு. உங்க தாத்தா வாங்கினது. உங்கப்பன் தார்ப்பாய் போட்டு மூடி வச்சது. இப்ப உன் கையில மாட்டிக்கிச்சு. நல்ல வண்டிடா கண்ணு. அதான் எனக்குப் பாவமா இருக்கு.

அதை நீ ஸ்போர்ட்ஸ் காருங்கறே. நான் சேலத்துப் பட்டறையில ஸ்பானர் எடுத்துக் குடுத்துக்கிட்டிருந்த காலத்துல அது டாக்டரும் வக்கீலும் ஓட்டின குடும்பக் காரு. முன்சீட்டுல அம்மா, பின்சீட்டுல பிள்ளைங்க, டிக்கியில தூக்குப்போசி. ஆனா நீ சொல்றதுலயும் பாதி நெசம் இருக்குது. 1959ல இங்கிலாந்துல டிரையம்ப் கம்பெனி இறக்கின வண்டி. உருவம் வரைஞ்சவரு மிச்செலோட்டின்னு ஒரு இத்தாலிக்காரரு. 1961ல இருந்து மெட்ராஸ் ஸ்டாண்டர்டு கம்பெனி இங்கயே செஞ்சு வித்தாங்க. இதே அடிக்கட்டமைப்பைக் குறுக்கித்தான் அந்த ஊர்க்காரன் 1962ல ஸ்பிட்ஃபயருன்னு திறந்த ஸ்போர்ட்ஸ் காரு விட்டான். பங்காளி முறை இருக்குது. பங்காளின்னா சொத்துல பாதி வந்துருமா?

நீ நீட்டின சீட்டைப் படிச்சேன். ரெட்டைக் கார்புரேட்டர். ரேஸ் கேம். குழாயே இல்லாத மாதிரி ஒரு சைலன்சர். அகல டயர். தரையை நக்கற மாதிரி இறக்கின ஸ்பிரிங். உள்ள இரும்புக் கூண்டு. ஒத்தை ஆளு உக்கார்ற சீட்டு. அதுக்கும் மேல பானட்டு முழுக்க ஸ்டிக்கர். ஏண்டா, எண்ணெய் கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டறியே, கடைசியா எண்ணெய் மாத்தினது எப்ப?

ஒண்ணு கேக்கறேன், சொல்லு. ரேக்ளாவுக்கு வளர்த்த காளையை எவனாவது ஏர்ல பூட்டுவானா? ஆனா வண்டி மாட்டுல சுறுசுறுப்பானதா ஒண்ணைப் பார்த்து, திருவிழா அன்னிக்கு ரேக்ளாவுல விட்டுப் பார்க்கிறவன் உண்டு. ஜெயிக்காது. ஆனா வீடு வந்து சேரும். உன் வண்டியும் அப்பிடித்தான். முதல்ல ரோட்டுக்குச் செய். அதைப் பந்தயத்துக்குக் கூட்டிட்டுப் போ. பந்தயத்துக்குச் செஞ்சு ரோட்டுக்குக் கூட்டியாந்தே, அடிவாரத்துக் காரவள்ளி தாண்டறதுக்குள்ள அழுதுருவே.

எப்பிடின்னு கேளு. ரேஸ் கேமு போட்டா எஞ்சின் மேல் சுத்துலதான் இழுக்கும். கீழ் சுத்துல விக்கும். பந்தயத் தடத்துல அது பரவால்ல, காலை அமுக்கிக்கிட்டே இருப்பே. எங்க மலையில கொண்டை ஊசி வளைவு மட்டும் 70. ஒவ்வொண்ணுலயும் வண்டி நடக்கற வேகத்துக்கு வந்துரும். மேல இருந்து பஸ் இறங்கும், கீழ இருந்து பலாப்பழ வண்டி ஏறும். அங்க வந்து உன் எஞ்சின் விக்கினா, பின்னால நிக்கிறவன் என்ன சொல்லித் திட்டுவான்னு நான் சொல்லணுமா? இன்னொண்ணு. இந்த மலை ஆயிரம் மீட்டருக்கு மேல. இங்க காத்து அடர்த்தி கம்மி. கீழ இருக்கற பலத்துல நூத்துக்குப் பத்துப் பங்குக்கு மேல இங்க வரும்போதே போயிரும். உன் 948 சிசி எஞ்சின், ஒத்தைக் கார்புரேட்டர்ல 35 குதிரைக்குப் பக்கம். அதுல மூணு நாலு குதிரை மலை அடிவாரத்துலயே நின்னுக்கும். மெட்ராஸ்ல வச்சு ட்யூன் பண்ணின கார்புரேட்டர் இங்க பெட்ரோலை அளவுக்கு மேல ஊத்தும், பிளக்கு கருக்கும். ரெட்டைக் கார்புரேட்டர்னா கருக்கறதுக்கு ரெட்டை வழி.

சரி, காசை எதுல போடறது? எவனும் பார்க்காத இடத்துல போடு. அதுதான் உனக்குப் புடிக்காது, தெரியும்.

முன் சக்கரத்துகிட்டக் குனிஞ்சு பாரு. சக்கரத்தைத் தாங்கற செங்குத்துத் தண்டு ஒண்ணு இருக்கும். அதோட அடிமுனை மரை போட்டது. அது டிரன்னியன்னு ஒரு பித்தளைக் கட்டைக்குள்ள திருகி உக்காந்திருக்கும். நீ ஸ்டியரிங் திருப்பறப்ப எல்லாம் அந்த மரையிலதான் சக்கரமே சுத்துது. கம்பெனிக்காரன் புத்தகத்துல என்ன எழுதினான்? கியர் எண்ணெய் ஊத்து, 90 நம்பர். நம்ம பட்டறையில என்ன செய்யறாங்க? கண்ணுல பட்ட நிப்பிள்ல எல்லாம் கிரீஸ் அடிச்சு விடறாங்க. கிரீஸ் காஞ்சு கட்டியாகும். தண்ணி புகும். துரு புடிக்கும். ஒரு நாள் முழு லாக்கு ஒடிச்சுத் திருப்பறப்ப தண்டு டக்குனு ஒடியும், சக்கரம் வண்டிக்கு அடியில மடங்கிப் படுத்துக்கும். இந்த வண்டி 25 அடி வட்டத்துக்குள்ள திரும்பும்னு பெருமையாச் சொன்னியே? நெசம்தான். எங்க வளைவுல ரிவர்ஸ் போடாமத் திரும்பற காரு வேற எத்தனை இருக்குது? ஆனா அவ்வளவு ஒடிச்சுத் திருப்பற பாரம் எல்லாம் அந்த மரை மேலதான் விழுது. லோட்டஸ் கம்பெனிக்காரன் எலான்னு ஒரு வண்டி செஞ்சானே, அதுக்கே டிரையம்ப்கிட்ட இருந்து இந்தத் தண்டையும் டிரன்னியனையும்தான் வாங்கிப் போட்டான். சாமான் மட்டம் இல்ல. எண்ணெய் ஊத்தற கைதான் மட்டம். ஒரு குவளை எண்ணெய் என்ன விலை வரும், உன் ஸ்டிக்கர் என்ன விலை?

இப்ப பின்னால வா. பின் சக்கரம் ரெண்டுக்கும் அச்சு தனித்தனி. நடுவுல டிஃப்ரன்ஷியல் பக்கம் மட்டும்தான் மடக்கு. மேல குறுக்கா ஒரு பிளேட்டு ஸ்பிரிங். நேர் ரோட்டுல மெத்தை. வளைவுலதான் வினை. வேகமா உள்ள நுழைவே. பாதியில பயம் வரும். ஆக்சிலேட்டர்ல இருந்து காலைப் படக்குனு எடுப்பே. உடனே பின்பக்கம் எழும்பும், வெளிப்பக்கச் சக்கரம் உள்ளுக்கு மடங்கும், டயரோட ஓரம் மட்டும் ரோட்டைத் தொடும். அப்புறம் உன் டிக்கி உன்னை முந்திக்கிட்டுப் போகும். அத்தனை தொல்லைன்னுதான் மெட்ராஸ் கம்பெனியே பொறவு கெசல் மாடல்ல இந்த அச்சை எடுத்துட்டு, பழைய மாதிரி ஒரே கட்டை அச்சு போட்டாங்க. இங்கிலாந்துக்காரன் ஸ்பிட்ஃபயர்ல 1970 வாக்குல ஸ்பிரிங்கையே நடுவுல ஆடற மாதிரி மாத்தினான். நீ என்ன பண்ணணும்? பின்பக்கத்தைக் கொஞ்சூண்டு இறக்கு. சக்கரம் ரெண்டும் அடிப்பக்கம் லேசா அகண்டு நிக்கணும், அவ்வளவுதான். நல்ல ஷாக் அப்சார்பர் போடு. பழைய ரப்பர் புஷ்ஷை எல்லாம் மாத்து. மிச்சம் உன் கால்ல இருக்குது: வளைவுக்கு முன்னாலயே வேகத்தைக் குறை, உள்ள போனா மிதியை விடாதே. அதைப் பழகாம அச்சைக் குறை சொன்னா, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன கதைதான்.

ஸ்பிரிங்கை முழுசா இறக்கி இறுக்கணும்னு கேட்டியே, அதுக்கும் சொல்லிடறேன். பந்தயத் தடம் பலகை மாதிரி இருக்கும், இறுக்கின ஸ்பிரிங் அங்க சரி. எங்க ரோட்டுல மழை விட்ட பொறவு வந்து பாரு. சக்கரம் குழியில இறங்காது, குழிக்குக் குழி தாவும். தாவற சக்கரம் எங்கடா பிடிக்கும்?

பிரேக்கு. உன் வண்டிக்கு நாலு பக்கமும் டிரம்மு. ஏறுறதுக்கு முன்னால இறங்கறதை நினை. ரேஸ் லைனிங் சூடேறினாத்தான் கடிக்கும். காலங்காத்தால மலை மேல சோளக்காடு ஊருல இருந்து பனியில கிளம்பி முதல் வளைவுல மிதிச்சா, அது இன்னும் தூங்கிக்கிட்டிருக்கும். சாதாரண நல்ல லைனிங்கே போதும். பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினது சூட்டுல கொதிக்கும். கொதிச்சா மிதி பொதுக்குனு தரைக்குப் போயிரும். அதனால பழசை வடிச்சுட்டுப் புதுசு ஊத்து. இறங்கறப்ப ரெண்டாவது கியர்ல விடு. எங்க பஸ் டிரைவருங்களைப் பாரு, எந்தக் கியர்ல ஏறினாங்களோ அதுலயே இறங்குவாங்க. அவங்க யாரும் தலைக்கவசம் போட்டுப் போட்டோ எடுத்துக்கல.

தலைக்கவசம்னதும்தான் ஞாபகம் வருது. இரும்புக் கூண்டு தடத்துல உசுரைக் காக்கும், ஏன்னா அங்க தலையில கவசம் இருக்கும், உடம்பு இறுக்கக் கட்டியிருக்கும். ரோட்டுல வெறுந்தலையோட ஓட்டறப்ப, ஒரு சின்ன முட்டலுக்கே அந்த இரும்பு உன் மண்டையைத்தான் தேடி வரும். பந்தயத்துக்குன்னா போல்ட்டு போட்டுக் கழட்டற மாதிரி வை. இல்லாட்டி வேண்டாம்.

சோழவரம் கேள்விப்பட்டிருக்கியா? உலகப் போர் காலத்து விமான ஓடுதளம். 1953ல தொடங்கின மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பு அங்கதான் பந்தயம் நடத்துச்சு. 1990ல இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்துச்சு, கூட்டம் அங்க மாறுச்சு. அதுக்கு முந்தி சோழவரத்துல பியட்டும் ஹெரால்டும்தான் ஓடுச்சு. வீட்டுக் காருங்க. ஆனா கோயமுத்தூர்க்காரர் கரிவரதன் என்ன செஞ்சாரு? மாருதி 800 எஞ்சினை எடுத்து, ஒத்தைச் சீட்டுப் பந்தய வண்டியாவே கட்டினாரு. ஃபார்முலா மாருதின்னு பேரு. பந்தயத்துக்குன்னா பந்தயத்துக்கே. அதுல யாரும் மளிகை வாங்கப் போகல. 1995ல சின்ன விமானம் விழுந்து போயிட்டாரு. செட்டிபாளையத்துல அவரு பேருலயே ஒரு தடம் இருக்குது, ரெண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. உன் வண்டிக்குப் பெரிய தடத்தை விட அதுதான் லாயக்கு. நேர்கோட்டுல 35 குதிரையை வச்சு என்ன பண்ணப் போறே? வளைவுலதான் உனக்குப் பொழப்பு.

அப்புறம் ஆர்டிஓ ஆபீசு. பழைய வண்டிக்குன்னு 2021ல புது விதி வந்துச்சு. 50 வருசம் தாண்டியிருக்கணும். சேசி, பாடி, எஞ்சின் எதையும் பெருசா மாத்தியிருக்கக் கூடாது. பதிவுக் கட்டணம் 20,000 ரூவா, பத்து வருசத்துக்குச் செல்லும். நம்பர் பலகையிலயே விஏன்னு வரும். ஆனா அந்த வண்டியைத் தினமும் ஓட்டிக்கிட்டுத் திரிய முடியாது. கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, பழுது பார்க்கன்னு அளந்துதான் வெளிய எடுக்கலாம். இல்ல, சாதாரணப் பதிவுலயே இருக்கட்டும்னா அஞ்சு வருசத்துக்கு ஒரு தடவை காட்டிப் புதுப்பிக்கணும். அங்கயும் கம்பெனி குடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுன்னு சட்டம் இருக்குது. நீ கூண்டு, குழாய், அகலச் சக்கரத்தோட போய் நின்னா அந்த அதிகாரி சிரிப்பாரா, சீட்டு கிழிப்பாரா? பந்தயத்துல அடிபட்டா சாதாரண இன்சூரன்ஸ் ஒரு பைசா தராது, அதையும் கேட்டுக்க.

இவ்வளவு சொல்லியும் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே. வாங்கி வச்ச ரெட்டைக் கார்புரேட்டரை என்ன பண்றதுன்னுதானே? வித்துரு. அதை வாங்கறதுக்குன்னே இன்னொருத்தன் எங்கயாவது தார்ப்பாயை விலக்கிக்கிட்டிருப்பான். நல்ல விலை சொல்லு, அவன் பேரம் பேச மாட்டான். ஆனா ஒண்ணு, அவனை எங்கிட்ட யோசனை கேக்க அனுப்பிராதே.