பிளேட் எண்ணும் பெரியவர்

பௌர்ணமி நள்ளிரவு. கிரிவலம் போகிறீர்கள். அடி அண்ணாமலை வந்ததும் ஒரு வீட்டு ஜன்னலுக்குள்ளிருந்து "நூற்று நாற்பத்தஞ்சு... நூற்று நாற்பத்தாறு..." என்று முணுமுணுப்பு கேட்டால் கும்பிட்டுவிடாதீர்கள். ஜபமில்லை, பெரியவர் ஒருவர் படம் எண்ணுகிறார்.

பழைய இயற்கை நூல் சேர்ப்பவர்கள் புத்தகம் படிப்பதில்லை, எண்ணுகிறார்கள். ராபர்ட் வைட் 1853-ல் மதராஸில் முடித்த 'ஐகோனெஸ்' ஆறு தொகுதி. செடிப் படங்கள், அதாவது பிளேட்கள், மட்டும் 2,101. எவனாவது ஒரு படத்தை பிளேடு போட்டு உருவி, சட்டம் மாட்டி விற்றிருந்தால் போச்சு, புத்தகத்தின் விலை படுத்துவிடும். நம்மவரிடம் இருப்பது ஒரே ஒரு தொகுதி. அதையும் இன்னும் எண்ணி முடிக்கவில்லை. நூற்றைம்பதை நெருங்கும்போது வாசலில் யாராவது, "அண்ணே, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" கொடுத்துவிட்டு வந்து மறுபடி ஒன்று.

புத்தகத்தைப் பற்றிப் பேசினால் கல்யாணத் தரகர்தான். "முகத்துல கொஞ்சம் பழுப்புப் புள்ளி இருக்கு சார், மத்தபடி பைண்டிங் கெட்டி. பூர்வீகம் ஒரு கலெக்டர் பங்களா." ஜெர்டன் பெயரைச் சொன்னால் கன்னத்தில் போட்டுக்கொள்வார். 1847-ல் மதராஸில் வந்த அவருடைய பறவை நூலில் ஐம்பது படம். ஐம்பது என்றால் ஒரே மூச்சில் எண்ணிவிடலாம் என்ற ஏக்கம்தான்.

ஒன்று சொல்ல வேண்டும். வைட்டுக்குப் படம் வரைந்த ரங்கையா, கோவிந்து பேச்சு வந்தால் மனிதர் மாறிவிடுவார். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு வைட் கோவிந்துவின் பெயரை வைத்ததைச் சொல்லும்போது, சொந்தத் தாத்தாவுக்குப் பட்டம் கிடைத்த மாதிரி குரல் தழுதழுக்கும்.

மதில்மேல் மயில் வந்து அகவினாலும் தலை நிமிராது. அவர் நேரில் பழகிய ஒரே ஜீவராசி ராமபாணப் பூச்சி. அது எந்தப் பசையை விரும்பும், எந்த மாதத்தில் தலைகாட்டும், வசம்புக்கு எவ்வளவு பயப்படும், எல்லாம் அத்துப்படி. அதற்கு மட்டும் தன்னிடம் ஒரு பிளேட் இல்லையே என்று குறை.

போன பௌர்ணமிக்குப் போயிருந்தேன். தண்ணீர் கேட்டவருக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். திறந்திருந்த பக்கத்தில் ஒரு பூச்சி ஊர்வதைப் பார்த்து, "ஐயா, ராமபாணம்!" என்று கத்தினேன்.

செம்பைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "தொடாதீங்க சார்! எத்தனாவது பிளேட்ல இருக்கு?"

"நூற்று நாற்பத்தேழு."

"அப்பாடா," என்று உட்கார்ந்தார். "எங்க விட்டேன்னு தெரியாம முழிச்சேன்."