கதர் அங்கியும் மஞ்சள் ஊசியும்

நசரத்பேட்டை டீக்கடைகளில் சாயங்காலமானால் அரியர் கணக்கு பேசும் இன்ஜினியரிங் பையன்களுக்கு ஒரு ஆறுதல் செய்தி. மெட்ரிகுலேஷனை மூன்றாவது தடவைதான் தாண்டிய ஒருவர், சுமார் நூறு வருஷத்துக்கு முன் மெட்ராஸில் டாக்டருக்குப் படித்தார். ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் போடுகிற மெத்தோட்ரெக்ஸேட் ஊசியின் வம்சாவளியைத் தேடினால் அவர் வீட்டு வாசலில்தான் போய் நிற்போம். பெயர் யெல்லாப்ரகட சுப்பாராவ்.

பீமவரத்துக்காரர், பிறப்பு 1895. சின்ன வயசிலேயே வீட்டை விட்டு ஓடினார். எதற்கு? காசியில் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரராக! பிடித்துக் கொண்டுவந்துவிட்டார்கள். பிறகு திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப்பள்ளி, பிரசிடென்சி காலேஜ். அங்கிருந்து சாமியாராகப் போகிறேன் என்று கிளம்பினார். அம்மா விடவில்லை. கடைசியில் மருத்துவம் படிப்பது என்று ராஜி ஆனது. நம் வீடுகளில் சன்னியாசத்துக்கு ஈடாக ஒப்புக்கொள்ளப்படுவது எம்.பி.பி.எஸ். ஒன்றுதான்.

மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் சேர்ந்தார். அந்நியத் துணி வேண்டாம் என்று காந்தி சொல்ல, இவர் ஆபரேஷன் வகுப்புக்குக் கதர் அங்கியில் போய் நின்றார். அறுவை சிகிச்சைப் பேராசிரியர் பிராட்ஃபீல்ட் துரைக்கு முகம் சிவந்தது. கத்தி பிடிக்கும் கையைவிட, கையை மூடிய துணி எந்த ஊர் மில்லுடையது என்பது பெரிய விஷயமாகிவிட்டது. பரீட்சைத் தாள்களை நன்றாகத்தான் எழுதியிருந்தார். ஆனால் கைக்கு வந்தது எம்.பி.பி.எஸ். அல்ல, ஒரு படி கீழான எல்.எம்.எஸ். சர்க்கார் வேலையும் கிடைக்கவில்லை. டாக்டர் லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு வாத்தியாரானார்.

1922இல் மாமனார் தயவில் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். பகலில் ஹார்வர்டில் படிப்பு, ராத்திரி ஆஸ்பத்திரியில் பெட்பேன் கழுவும் வேலை. 1925இல் அங்கிருந்த ஆய்வாளர் ஃபிஸ்க்குடன் சேர்ந்து பாஸ்பரஸை அளக்க ஒரு வழி கண்டுபிடித்தார். தசை இயங்கச் சக்தி தரும் ஏ.டி.பி.யையும் அடையாளம் காட்டினார். ஹார்வர்டு கைதட்டியதோடு சரி, நிரந்தர வேலை தரவில்லை. 1940இல் லெடர்லே மருந்துக் கம்பெனிக்குப் போனார்.

அங்கே அவர் குழு ஃபோலிக் அமிலம் என்ற சத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்ற நோயியல் டாக்டர், அந்த வகைச் சத்தை ரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சத்து போய்ச் சேர்ந்தது புற்றுநோய்க்கு. அது நாலுகால் பாய்ச்சலில் ஓடியது. வேறொருவர் கையைக் கழுவியிருப்பார். ஃபார்பர் கணக்கைத் திருப்பிப் போட்டார்: தீனி போட்டால் கொழுக்கிறதென்றால், தீனி மாதிரியே இருக்கும் போலியைப் போட்டால்?

போலியைச் செய்து தந்தது சுப்பாராவின் ஆட்கள். பெயர் அமினோப்டெரின். செல் அதை நிஜ ஃபோலிக் அமிலம் என்று நம்பி உள்ளே விடுகிறது; அது ஒரு நொதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது; டி.என்.ஏ. செய்ய முடியாமல் செல் சாகிறது. 1948 ஜூனில் ஃபார்பர் எழுதினார்: 16 பிள்ளைகளில் 10 பேருக்கு முன்னேற்றம். தற்காலிகம்தான். ஆனால் குழந்தைகளின் லுக்கேமியா மருந்துக்கு அடங்கும் என்று அதுவரை யாரும் காட்டியதில்லை. அதே வருஷம் ஆகஸ்டிலேயே மாரடைப்பில் சுப்பாராவ் போய்விட்டார். வயது 53.

அமினோப்டெரினின் தம்பிதான் மெத்தோட்ரெக்ஸேட். மஞ்சளாக, கோயில் தீர்த்தம் போலச் சாதுவாக இருக்கும். பெரிய அளவில் ஏற்றும்போது சோடா உப்பு கலந்த சலைன் கூடவே ஓட வேண்டும். பிள்ளை மூத்திரம் போகப் போக அந்த உப்பு வேலை செய்கிறதா என்று நர்ஸ் காகிதத் துண்டை நனைத்து நிறம் பார்ப்பார். பிறகு மணி தவறாமல் லுக்கோவோரின். இதுவும் ஃபோலிக் அமிலத்தின் சொந்தம், ஆனால் அசல் பக்கம். போலி கெடுத்ததை இது வந்து சரிக்கட்டும்.

சுகாதார ஊழியர் வாசலில் நின்று, ‘என் எதிரிலேயே முழுங்குங்க’ என்று தரும் யானைக்கால் மாத்திரை டி.இ.சி.யும் சுப்பாராவ் நடத்திய ஆய்வுக்கூடத்துச் சரக்குதான். முழுங்கியவர்களில் யாருக்கும் அவர் பெயர் தெரியாது.

மரியாதை செய்யவில்லை என்று சொல்லக் கூடாது. அமெரிக்காவில் ஒரு பூஞ்சைக்கு அவர் பெயரை வைத்தார்கள். இந்தியா 1995இல் தபால்தலை வெளியிட்டது. அந்த எம்.பி.பி.எஸ். மட்டும் கடைசிவரை வரவில்லை.