கல்லாற்றுப் பாறையும் ஆறாம் அறிவும்: கடின அறிபுனை வாசிப்பு குறித்த ஒரு சிற்றாய்வு

ஆய்வுக்களம், திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி போகும் வழியில், 22 கொண்டை ஊசி வளைவுகளும் தொடங்குவதற்கு முன்னால் வரும் கல்லாறு. ஆய்வுப்பொருள், பீட்டர் வாட்ஸின் ‘பிளைண்ட்சைட்’ நாவல் (2006). ஆய்வாளனும் ஆய்வுக்கு உட்பட்டவனும் நானே, செலவு மிச்சம். ஊருக்குப் பெயர்க்காரணம் ஆராய வேண்டியதில்லை. ஆறு முழுக்கக் கல். அதில் உட்காரத் தோதான ஒன்று ஆய்வுக்கூடமாயிற்று.

வாட்ஸ் கடல் உயிரியல் படித்தவர். கதை முடிந்த பிறகும் விடாமல், நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளைச் சான்றாக அடுக்குகிறார். அவர் படைத்த அயல் உயிர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரத்தனம் மிக்கவை. ஆனால் உள்ளே ‘நான்’ என்று சொல்ல ஆளில்லை. தன்னுணர்வு இல்லாமலே அறிவு நடக்கும் என்பது அவர் கட்சி.

அதை மறுக்கவே புத்தகத்தைத் திறந்தேன். 41ஆம் பக்கத்திலிருந்து 46 வரை கண் வரி தவறாமல் போயிருக்கிறது. கை நேரத்துக்குத் தாள் புரட்டியிருக்கிறது. மனம் மட்டும் வரும் வழியில் விதுராவில் தின்ற பழம்பொரியிடம் இருந்தது. இன்னொன்று வாங்கியிருக்கலாம். அப்படியானால் அந்த ஆறு பக்கத்தை வாசித்தது யார்? தொல்காப்பியர் கண்ணை நான்காம் அறிவாகவும் மனத்தை ஆறாவதாகவும் வைத்தார். நாலறிவே நாவல் வாசிக்கப் போதும் என்பது இதனாற் பெறப்பட்டது. ‘அஃதேல், வாசித்தது ஒன்றும் நினைவில்லையே?’ எனின், அது வாசிப்பின் இலக்கணத்தில் அடங்காது என்க. பல்கலைக்கழகத் தேர்வு எழுதியோர் அறிவர்.

மருத்துவச் சான்றும் உண்டு. 1974இல் லாரன்ஸ் வெய்ஸ்கிரான்ட்ஸ் குழுவினர் ஆராய்ந்த ஒருவருக்கு மூளையின் பார்வைப் பகுதி பழுது. ‘ஒன்றும் தெரியவில்லை’ என்றபடியே வெளிச்சப் புள்ளி இருந்த இடத்தைக் கையால் சரியாகக் காட்டினார். நாவலின் தலைப்பு இந்த நிலையின் பெயர்தான்.

அயல் உயிர் இந்தப் பக்கம் வந்ததேயில்லையா எனின், வந்ததாகவும் ஒரு கட்சி உண்டு. 2001 ஜூலையில் கேரளத்தில் சிவப்பு மழை பெய்தது. அதிலிருந்தவை விண்ணிலிருந்து விழுந்த உயிரணுக்களாக இருக்கலாம் என்று காட்ஃப்ரே லூயியும் சந்தோஷ் குமாரும் எழுதிய கட்டுரை, நாவல் வந்த அதே 2006இல் ஆய்விதழில் வெளியானது. ஆனால் இங்கிருந்து அதிக தூரமில்லாத பாலோடு தாவரவியல் தோட்டத்தார், 2001லேயே அவற்றை வளர்த்துப் பார்த்து, ட்ரென்டிபோலியா என்னும் பாசியின் வித்துகள் என்று சொல்லிவிட்டார்கள். மரப்பட்டையில் காவி பூசியதுபோலப் படரும் இனம். எனக்கு நிழல் தந்த மரத்திலும் காவித் திட்டு ஒன்று இருந்தது. அது என்னையே பார்ப்பதாகத் தோன்றியதால் கிளம்பிவிட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் மறுபடி 41ஆம் பக்கம். கண்டக்டர் வந்ததோ, நான் காசு நீட்டியதோ நினைவில் இல்லை. சட்டைப் பையில் டிக்கெட் இருந்தது. மீதிச் சில்லறையும் சரியாக இருந்தது.