கொத்சுவில் புகை: பெண்ணைக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட சுடுபொருள் மரபு குறித்து ஓர் ஆய்வு

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் மாட்டின் நெஞ்சுக்கறியை விறகுப் புகையில் வேகவைப்பது சமையல் என்ற நிலையைத் தாண்டிச் சமயம் என்ற நிலையை எட்டிவிட்டது. அதற்கு பிரிஸ்கட் என்று பெயர். லாக்ஹார்ட் என்ற சிற்றூரை பார்பிக்யூ தலைநகர் என்று அம்மாநிலச் சட்டமன்றமே அறிவித்திருக்கிறது. (நம் வட்டாரச் சட்டமன்ற உறுப்பினர்கள் கவனிக்க.) அப்பண்டம் கடலூர், சிதம்பரம் பக்கம் கிடைக்குமா, கிடைக்காதெனில் அதன் அரியணையில் அமர்ந்திருப்பது யாது என்பதே இவ்வாய்வின் பொருள். ஆய்வெல்லை: வடக்கே தென்பெண்ணை, தெற்கே கொள்ளிடம், கிழக்கே வங்கக் கடல், மேற்கே பசி தாங்கும் தூரம்.

முதல் வினாவை விரைந்து முடித்துவிடலாம். கறிக்கடையில் நெஞ்சுக்கறி கேட்டதற்கு ஆட்டு நெஞ்செலும்பை எடுத்துவைத்து, "சூப்புக்கா சார்? சளியா? மிளகு தூக்கலாப் போடச் சொல்லுங்க" என்றார் கடைக்காரர். மருத்துவக் குறிப்பு இலவசம். பிரிஸ்கட் இல்லை.

இரண்டாம் வினாவுக்கு முன் இலக்கணம் தேவை. மாட்டுக்குக் காறை எலும்பு கிடையாது. முன்னுடம்பின் பாரத்தை நெஞ்சுத் தசைகளே சுமக்கின்றன. சுமந்து சுமந்து நாரேறிப்போன அந்தக் கறியை 110 டிகிரி செல்சியஸ் அளவிலான இளஞ்சூட்டில், ஓக் விறகின் புகையில், 12 மணி நேரமோ அதற்கு மேலோ போட்டுவைத்தால் அதிலுள்ள கொலாஜன் உருகி ஜெலட்டின் ஆகும். நடுவில் ஒரு சோதனை உண்டு. கறியின் உட்சூடு 70 டிகிரியை நெருங்கியதும் மேலே ஏறாமல் மணிக்கணக்கில் நின்றுவிடும். மேற்பரப்பு ஈரம் ஆவியாகிக் குளிர்விப்பதே காரணம்; சுருங்கச் சொன்னால், கறிக்கு வியர்க்கிறது. பொறுமையிழந்தவர்கள் அதைக் காகிதத்தில் சுற்றி அடுப்புக்குத் திருப்பி அனுப்புவார்கள்.

ஈண்டு நம் கருதுகோளை முன்வைக்கிறோம்: கத்திரிக்காய் பிறக்கும்போதே சுற்றிக்கொண்டு பிறக்கிறது. அதன் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். நல்லெண்ணெய் தடவி, வெடிக்காமலிருக்க இரண்டு குத்து குத்தித் தணலில் போட்டால், வெளியே தோல் கருகும். உள்ளே சதை தன் நீராவியிலேயே வெந்து குழையும். பின் தோலை உரித்துப் பிசைந்து, புளி கரைத்து ஊற்றி, வறுத்துப் பொடித்த தனியா, மிளகாய், கடலைப்பருப்பு, பெருங்காயம் சேர்த்தால் சிதம்பரம் கொத்சு. நடராசர் கோயிலில் சம்பா சாதத்துடன் நிவேதனமாவது இதுவே. கத்திரிக்காயில் கொலாஜன் ஏது என்று புறத்தேர்வாளர் எவரேனும் கேட்கலாம். 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் கூப்பிடு தூரத்தில் இருப்பதால் இந்த அபாயம் உண்டு. பெக்டின் இருக்கிறது, அது போதும் என்பது நம் பதில்.

கொத்சு உலகம் இரு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறது. காயைச் சுட்டு மசிப்போர் ஒருபுறம். நறுக்கி எண்ணெயில் வதக்குவோர் மறுபுறம். கையில் தீ ஏந்தி ஆடுகிறவர் ஊரில் வாணலியில் வதக்குவது அடுக்குமா என்பது சுட்ட கட்சியின் வாதம். அவர் தீயை ஏந்தியது கத்திரிக்காய்க்காக அல்ல என்பது வதக்கிய கட்சியின் மறுப்பு. மறுப்பில் தர்க்கம் இருக்கிறது, வாசனை இல்லை. விறகிலுள்ள லிக்னின் சூட்டில் சிதையும்போது குவாயகால், சிரிங்கால் என்ற சேர்மங்கள் பிறக்கின்றன; புகையின் ருசியும் மணமும் பெரும்பாலும் இவற்றின் கைங்கரியம். சமையல் வாயுவோ ஒழுங்காக எரிந்தால் கரியமில வாயுவும் நீராவியும்தான் தரும். ஆகவே எரிவாயு அடுப்பில் சுட்டால் கருகிய தோலின் மணம் கிடைக்கும், புகை கிடைக்காது. கடலோரத்தில் சவுக்கு, பண்ருட்டிப் பக்கம் முந்திரி விறகு என்று வாய்த்த வட்டாரத்தில் இது கொடுமை. புகைக்கா இங்கே பஞ்சம்? நெய்வேலியில் 1962 முதல் பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். அதில் கத்திரிக்காயைக் காட்டும்படி எவருக்கும் நாம் பரிந்துரைக்கவில்லை.

களஆய்வில் கண்டது: இட்லியோடு கொத்சு தரும் உணவகங்கள் பலவற்றில் கத்திரிக்காய் உண்டு என்று நம்பத்தான் வேண்டும், திரை விலக்கினால் வெளிதான். ஓர் உணவகத்தின் சமையற்காரரிடம் ஏன் சுடுவதில்லை என்று வினவினோம். "சுட்டுத்தான் போட்டுக்கிட்டு இருந்தோம் சார். அடிபுடிச்ச வாடை வருதுன்னு திருப்பி அனுப்பினாங்க. எதுக்கு வம்பு?" என்றார். புகையை ஒழித்தது எரிவாயு என்று நம்பியிருந்த சுட்ட கட்சிக்கு இது பேரிடி. குற்றவாளி மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்.

கடலூர்ப் பகுதியில் நிலைமை தேவலை. அங்கே புகைக்கு வாரிசு சுட்ட கருவாடு. காராமணிக்குப்பம் வாரச்சந்தையில் வாளையோ சுறாவோ வாங்கி, தணலில் வாட்டி, பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொண்டால், டெக்சாஸ்காரர் 12 மணி நேரம் பாடுபட்டு எட்டும் இடத்தை மூன்றே நிமிடத்தில் எட்டலாம். முன்வேலையை உப்பும் வெயிலும் முடித்துத் தந்துவிடுகின்றன. குறை ஒன்றுண்டு. இவ்வாய்வை வாடகை வீட்டில் நடத்த இயலாது. மாடியில் வீட்டுக்காரர் குடியிருந்தால் முன்னோட்டம்கூட ஆகாது.

இனி மெய்ப்பொருள் காணும் முறை. கொத்சுவின் நிறத்தை நம்பலாகாது. புளி எதையும் கருக்கும். எண்ணெய் மிதப்பதும் சான்றல்ல. கிண்ணத்தில் நகக்கண் அளவில் கருந்துணுக்கு ஒன்று கிடக்கிறதா என்று பாருங்கள். அது உரிக்கும்போது தப்பிய தோல். தணலைப் பார்த்த காய் என்பதற்கு அதைவிட ஆவணம் வேறில்லை. நீங்கள் அதைக் கரண்டியால் ஒதுக்குவதைக் கண்டால் பரிமாறுகிறவர் பதறி ஓடிவந்து, "மாத்திக் குடுத்துடறேன் சார்" என்பார். கிண்ணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.